ஹில்ஸ்ட்ரீம் லோச் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் கல்லில் பாசி பிடிக்கட்டும்

கடைத் தொட்டியில் ஹில்ஸ்ட்ரீம் லோச்சை முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இது மீன்தானா என்று குனிந்து பார்ப்பார்கள். திருக்கைக் குட்டியைச் சின்னதாக்கி ஒட்டவைத்த மாதிரி, இரண்டு பக்கமும் துடுப்பை விரித்துக்கொண்டு கண்ணாடியில் அப்பிக் கிடக்கும். நகரும்போது நீந்துகிற மாதிரியே இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும். பார்த்ததும் வாங்கத் தோன்றும், நானும் அப்படித்தான் மூன்று வாங்கி வந்தேன். ஆறு வாரத்துக்குள் மூன்றும் போய்விட்டன. தண்ணீர் சுத்தமாக இருந்தது, அமோனியா இல்லை, தினமும் உணவு போட்டேன், நோய் என்று எதுவும் கண்ணில் படவில்லை. வயிறு மட்டும் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவை பட்டினியில் செத்தன என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. பளபளவென்று கழுவி வைத்த கற்கள், இரண்டே வாரமான தொட்டி, அதில் மேய்வதற்கு ஒன்றுமே இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் மீன் வாங்கும் படி பின்னால்தான் வரும். தொட்டி வைத்த நாளிலிருந்து மீன் வருகிற நாள் வரை இரண்டரை, மூன்று மாதம் ஆகும். அவ்வளவு பொறுக்க முடியாது என்றால் இந்த மீன் வேண்டாம், வேறு எத்தனையோ நல்ல மீன்கள் இருக்கின்றன.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம்

ஹில்ஸ்ட்ரீம் லோச் என்பது ஒரே மீன் கிடையாது, மலை ஓடைகளில் பாறையைப் பிடித்துக்கொண்டு வாழும் பல இனங்களுக்குப் பொதுப்பெயர். கடையில் அதிகம் கிடைப்பது செவெல்லியா லினியோலாட்டா. மத்திய வியட்நாமின் மலை ஓடைகளைச் சேர்ந்தது, உடம்பு முழுக்க மஞ்சளும் கறுப்பும் வலை பின்னிய மாதிரி இருக்கும், ஆறு சென்டிமீட்டர் வளரும். அடுத்தது தென் சீனாவின் போஃபோர்ஷியா, பழுப்பு நிறத்தில் புள்ளி போட்டிருக்கும். இதைச் சில கடைகளில் பட்டர்ஃப்ளை பிளெக்கோ என்று விற்பார்கள், ஆனால் பிளெக்கோ என்பது தென் அமெரிக்கக் கெளுத்தி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்னியோவிலிருந்து வரும் கேஸ்ட்ரோமைசான் வகைகளும் உண்டு, இங்கே அரிதாகத்தான் கண்ணில் படும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் செவெல்லியாவில் ஆரம்பியுங்கள், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், தொட்டியிலேயே குஞ்சும் பொரிக்கும்.

நம் ஊர் அயிரைக்கு இவை தூரத்துச் சொந்தம். மதுரைப் பக்கம் குழம்பு வைக்கிற அந்த அயிரையும் லோச்தான், மணலுக்குள் புதைந்து வாழும். மலை ஓடை லோச்சுக்குப் புதைய மணல் கிடையாது, வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் பாறையில் நிற்க வேண்டும். அதற்காகவே உடம்பு தட்டையாகி, செவெல்லியாவிலும் போஃபோர்ஷியாவிலும் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்று சேர்ந்து கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டன. மேலே எவ்வளவு வேகமாகத் தண்ணீர் போனாலும் அந்தக் கிண்ணம் பாறையைப் பிடித்துக்கொள்ளும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்று இதே மாதிரி பாறையோடு ஒட்டி வாழும் ஒன்று இருக்கிறது. பக்கத்து மலையில் இருக்கிறதே, பிடித்து வரலாமே என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள். காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம், அதோடு அந்த ஓடைகளே இப்போது மெலிந்துகொண்டு வருகின்றன.

முதலில் சூட்டைப் பற்றி முடிவெடுங்கள்

இது குளிர்ப் பிரதேச மீன், ஊட்டி மாதிரி இடத்தில்தான் வளரும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. 20 முதல் 25 டிகிரி இதற்குச் சௌகரியம், 27 வரை போனாலும் சமாளிக்கும். சூடு கூடும்போது மீனைக் கொல்வது பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே நேரம் உடம்பு சூடானதால் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடிவிடும். வரவு குறைந்து செலவு கூடினால் எப்படி? குளத்து மீன் இதைத் தாங்கும். நுரை பொங்க ஓடும் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீன் தாங்காது.

நான் கோவையில் இருக்கிறேன். தை மாசியில் என் தொட்டி 23, 24 டிகிரியில் தானாகவே நிற்கும், சித்திரையில் விட்டால் 30ஐத் தாண்டும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி இரண்டு வைத்தால் ஆவியாதலால் 2 முதல் 4 டிகிரி வரை இறங்குகிறது. காற்று வறண்டிருந்தால்தான் இது நன்றாக வேலை செய்யும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் பெரிதாக உதவாது. அங்கே இருப்பவர்கள் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவி வாங்க வேண்டியிருக்கும், அது தொட்டி, மீன், மற்றதெல்லாம் சேர்ந்த செலவை விடக் கூடுதலாக வரும். அல்லது எப்போதும் ஏசி ஓடும் அறை இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கடலோரத்தில் இந்த மீனை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொடைக்கானல், குன்னூர், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஐஸ் பாட்டில் போடும் வழக்கத்தை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து டிகிரி இறங்கி மறுபடி ஏறுவது, நிலையாக 27ல் இருப்பதை விட மோசம்.

தொட்டி

உயரம் முக்கியமே இல்லை, தரைப் பரப்புதான் முக்கியம். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் சுமார் 85 லிட்டர், ஐந்து செவெல்லியாவுக்குப் போதும். அகலம் ஒன்றரை அடி கிடைத்தால் இன்னும் நல்லது. 2 அடித் தொட்டியிலும் மூன்று நான்கு வைக்கலாம்தான், ஆனால் தண்ணீர் குறைவு என்பதால் சூடு சீக்கிரம் ஏறும், இடத்துக்குச் சண்டையும் கூடும். மூடி கட்டாயம் வேண்டும். ஈரக் கண்ணாடியில் இது தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் ஏறும், சின்ன இடுக்கு கிடைத்தால் வெளியே போய்விடும். காற்று போக வேண்டுமென்பதால் நான் கொசுவலையைச் சட்டத்தில் அடித்து மூடியாக வைத்திருக்கிறேன், அதன் மேலேயே மின்விசிறிகள் உட்கார்ந்துகொள்ளும்.

ஓட்டம்

தொட்டியின் தண்ணீர் முழுவதும் மணிக்குப் பத்து முதல் பதினைந்து தடவை சுற்ற வேண்டும். 85 லிட்டருக்கு மணிக்கு 850 முதல் 1,300 லிட்டர். இதற்குப் பவர்ஹெட் வேண்டும், தண்ணீருக்குள் மூழ்கி நின்று ஓட்டம் தரும் சின்ன பம்ப் அது. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, ஸ்பாஞ்ச் மாட்டி குழாயும் போட்டபின் கிடைக்காது, அதனால் 1,500 போட்டிருப்பதை வாங்குங்கள்.

இதை வைப்பதற்கு எனக்குப் பிடித்த முறை ஆற்றுத் தொட்டி. இடது ஓரத்தில் பவர்ஹெட். அதன் உறிஞ்சும் வாயிலிருந்து ஒரு பிவிசி குழாய் கீழே இறங்கி, தரையோடு ஓடி, வலது ஓரத்தில் மேலே எழும்பி நிற்கும். அந்த முனையில் துளைகள் போட்டு ஒரு கனமான ஸ்பாஞ்சைச் செருக வேண்டும். பவர்ஹெட் வலது ஓரத்திலிருந்து தண்ணீரை இழுத்து இடமிருந்து வலமாக அடிக்கும், ஆகவே கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் முழுவதும் ஒரே திசையில் ஆறு மாதிரி ஓடும். குழாய் கல்லுக்கும் மணலுக்கும் அடியில் மறைந்துவிடும். இணைப்புகளுக்குப் பசை வேண்டாம், இறுக்கிச் செருகினாலே போதும், எல்லாம் தண்ணீருக்குள்தானே இருக்கிறது, கொஞ்சம் கசிந்தால் ஒன்றும் ஆகாது. பிளம்பிங் கடையில் குழாய், எல்போ, டீ வாங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடித்துவிடலாம். பவர்ஹெட்டும் தண்ணீரைச் சூடாக்கும் என்பதால் ஒரே ஓட்டத்துக்கு வாட் குறைவாக இருப்பதைப் பார்த்து எடுங்கள்.

இவ்வளவு செய்ய நேரமில்லையா? ஒரு ஓரத்தில் ஸ்பாஞ்ச் மாட்டிய பவர்ஹெட், எதிர் ஓரத்தில் பெரிய ஸ்பாஞ்ச் பில்டர், அதற்கு ஏர் பம்ப். இதுவும் போதும், மீன் குறை சொல்லாது. எப்படி வைத்தாலும் பவர்ஹெட்டின் முனை தண்ணீர்ப் பரப்பை நன்றாகக் கலைக்கிற மாதிரி இருக்கட்டும், ஆக்சிஜன் உள்ளே போவது அங்கேதான்.

அப்புறம் மின்வெட்டு. பவர்ஹெட் நின்றால் இந்தத் தொட்டியில் எல்லாமே நின்றுவிடும், கோடையில் ஓரிரண்டு மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கத் தொடங்கும். மின்சாரம் போனதும் தானாக ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை முதல் நாளே வாங்கி மாட்டிவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் தொட்டியின் பிளக்கை அந்த லைனில் போடுங்கள்.

கல்

இதுதான் இந்த மீன் வளர்ப்பின் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முனை மழுங்கிய ஆற்றுக் கூழாங்கற்கள் வேண்டும், முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. கட்டுமானப் பொருள் விற்கும் இடங்களிலும் நர்சரிகளிலும் கிடைக்கும், மெழுகு பூசிப் பளபளப்பாக்கியதை வாங்க வேண்டாம். ஒவ்வொரு கல்லிலும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரின் கடினத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும், ஒதுக்கிவிடுங்கள். சோப்பு போடாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும்.

பெரிய கற்களை முதலில் தொட்டியின் தரையில் உட்கார வைத்து அசைத்துப் பாருங்கள், அசையாமல் நின்ற பிறகு சுற்றிலும் மணலையோ பொடிக்கல்லையோ பரப்புங்கள். மணலைப் போட்டு அதன் மேல் கல் வைத்தால் நாளைக்கு மணல் சரிந்து கல் உருளும், அடியில் மீன் இருக்கும். மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் உடைத்த கல், அதன் கூர்முனை இந்த மீனின் வயிற்றைக் கீறும்.

சரி, கல் வைத்தாயிற்று. இனி அதில் பாசி பிடிக்க வேண்டும். பாசி என்று எளிதாகச் சொல்கிறேனே தவிர, இந்த மீன் உண்பது பாசியை மட்டும் அல்ல. கல்லின் மேல் வழுவழுவென்று ஒரு படலம் படியும், அதில் நுண்பாசி, பாக்டீரியா, அதைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத புழு பூச்சிகள் எல்லாம் கலந்திருக்கும். லோச் நாள் முழுக்க அந்தப் படலத்தைச் சுரண்டிச் சுரண்டித் தின்னும். நீளமான தலைமுடிப் பாசியை அது தொடாது. தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு மீன் என்று இதை விற்பவர்கள் உண்டு, அந்த நினைப்பில் வாங்கினால் என் முதல் மூன்று மீன்களின் கதைதான் உங்களுக்கும்.

படலம் வளர வெளிச்சம் வேண்டும், தினம் 8 முதல் 10 மணி நேரம் விளக்கு எரியட்டும். முன் கண்ணாடியை மட்டும் துடையுங்கள், மற்ற மூன்று பக்கமும் மீனுக்கு. அதோடு மொட்டை மாடியில் ஒரு டப் வையுங்கள், தொட்டியில் மாற்றி எடுத்த பழைய தண்ணீரை ஊற்றி, அதில் ஏழெட்டுக் கல்லைப் போட்டு வெயிலில் விடுங்கள். ஓரிரு வாரத்தில் பச்சையும் பழுப்புமாகப் படலம் ஏறிவிடும். பிறகு வாரம் இரண்டு கல் உள்ளே, மீன் மேய்ந்து வழித்த இரண்டு கல் வெளியே என்று சுற்றில் விட்டுக்கொண்டே இருங்கள். நான் மாற்றிய பழக்கங்களில் மீன்களைக் காப்பாற்றியது இது ஒன்றுதான் என்று உறுதியாகச் சொல்வேன். டப்பின் மேல் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கே டெங்குக் கொசு வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

செடி வேண்டுமானால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பொல்பிட்டிஸ் மூன்றையும் கல்லில் நூலால் கட்டிவிடலாம், ஓட்டத்தைத் தாங்கும்.

தண்ணீர், காத்திருப்பு

பிஎச் 6.5 முதல் 7.5. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் ஆன்டி குளோரின் சேர்த்தால் அப்படியே பயன்படுத்தலாம், மென்மையான தண்ணீர். போர் தண்ணீர் என்றால் முதலில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு பாருங்கள், 300க்குள் இருந்தால் நிம்மதி, 800, 1,000 என்று காட்டினால் ஆர்ஓ தண்ணீர் கலந்து இறக்க வேண்டும்.

தொட்டி சைக்கிள் ஆக, அதாவது கழிவில் வரும் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா குடியேற, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், நண்பரின் பழைய தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி உள்ளே போட்டால் சீக்கிரமாகும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் 20க்குள் என்று வந்ததும் ஆறேழு ஜீப்ரா டேனியோ விடுங்கள். இவையும் ஓட்டத்தை விரும்புகிறவை, தொட்டி முதிர்வதற்குள் அவற்றின் கழிவு படலத்துக்கு உரமாகும். இன்னும் ஆறு வாரம் பொறுங்கள். கல்லைத் தொட்டால் விரல் வழுக்குகிறதா? இப்போது லோச் வாங்கப் போகலாம்.

வாங்கும்போது

கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் அடிவயிறு நமக்கு நேராகத் தெரியும், இந்த மீனில் கிடைக்கிற பெரிய வசதி அது. வயிறு சமமாகவோ கொஞ்சம் உப்பியோ இருக்க வேண்டும், குழி விழுந்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஓடையில் பிடித்து, பல நாள் பட்டினியோடு பயணம் செய்து வருகிற மீன்கள் நிறைய, ஒரு கட்டத்துக்கு மேல் மெலிந்துவிட்டால் திரும்பத் தேற்றுவது கஷ்டம். முடிந்தால் கடைக்கு வந்து ஒரு வாரமான மீனாகப் பாருங்கள். சென்னையில் கொளத்தூர் மாதிரி பெரிய சந்தையில் வாங்கி ஊருக்கு எடுத்துவருகிறவர்கள் ஆக்சிஜன் அடைத்த பையைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து இரவுப் பயணமாக வாருங்கள்.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், நான்கைந்தாக வாங்குங்கள். கல்லுக்காக ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தள்ளிக்கொள்ளும், பார்க்கப் பயமாக இருக்கும், காயம் ஆகாது. இரண்டே இருந்தால்தான் வலியது மெலியதை விரட்டிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஏர் ட்யூப்பில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து விடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் கண்ணிலேயே படாது, கல்லைப் புரட்டித் தேட வேண்டாம்.

தங்கமீன், சிக்லிட், ஃபைட்டர், டிஸ்கஸ் எதுவும் கூட வேண்டாம். ஜீப்ரா டேனியோ, வைட் கிளவுட், செர்ரி இறால் நல்ல துணை. சைனீஸ் ஆல்கே ஈட்டரை இதன் தம்பி என்று சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வளர்ந்தபின் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி உரசும்.

உணவு, தண்ணீர் மாற்றுவது

கல் பாதி வயிறு, மீதியை நாம் போட வேண்டும். ஸ்பைருலினா வில்லை, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த வெள்ளரித் துண்டு, கீரை இலை, வாரம் இரண்டு மூன்று தடவை உறைந்த ரத்தப்புழு அல்லது டாஃப்னியா என்ற நுண் நீர்ப்பூச்சி. வெறும் கீரை போட்டே வளர்க்கலாம் என்பது தவறு, புழு கிடைத்தால் இவை விழுந்தடித்து ஓடிவரும். ஓட்டம் உணவை அடித்துக்கொண்டு போகும் என்பதால் பவர்ஹெட்டைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள், ஏர் பம்ப் ஓடட்டும். மறுபடி போட மறக்காமல் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். கோடையில் மாடி டேங்க்கிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீர் கையைச் சுடும், அதைத் தொட்டியில் விட்டால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். விடியற்காலையில் பிடித்து வைத்து மாற்றுங்கள். மின்விசிறியால் ஆவியாகிற தண்ணீருக்கு ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள், உப்பு தங்கிக்கொண்டே போகாமலிருக்கும்.

நோய் வந்தால் மருந்தில் நிதானம். லோச்சுகளுக்குச் செதில் மிகச் சிறியது, தாமிரமும் மாலகைட் க்ரீனும் இவற்றை மற்ற மீன்களை விட அதிகம் தாக்கும். பெட்டியில் எழுதியுள்ளதில் பாதி அளவில் தொடங்குங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்குத் தண்ணீரை 30 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்வார்கள், இந்த மீனுக்கு அந்த வைத்தியமே எமனாகிவிடும். எல்லா மீனும் பவர்ஹெட் வாய்க்கு முன்னால் கூடி வேக வேகமாக மூச்சு வாங்கினால் மருந்தைத் தேடாதீர்கள், முதலில் வெப்பநிலையைப் பாருங்கள், அப்புறம் ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

குஞ்சு

ஆணையும் பெண்ணையும் மேலிருந்து பார்த்துப் பிரிக்கலாம். பெண்ணுக்குத் தலையிலிருந்து துடுப்பு வரை ஒரே வளைவாக ஓடும், ஆணுக்குத் தலை முடிந்து துடுப்பு தொடங்கும் இடத்தில் தோள் மாதிரி ஒரு வெட்டு தெரியும். இரண்டும் இருந்து, தொட்டியும் முதிர்ந்திருந்தால், ஒரு நாள் இரண்டும் சேர்ந்து ஓட்டம் படும் பொடிக்கல்லில் உடம்பை ஆட்டிச் சின்னக் குழி பறித்து முட்டையிடும். என் இரண்டாவது கூட்டம் வந்து பதினான்காவது மாதம், பின் கண்ணாடியில் அரிசி நொய் அளவில் ஏதோ நகர்வதைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் துடுப்பு, வால், கண் எல்லாம் சரியாக அமைந்த குட்டி லோச். அன்று இரவு டார்ச் அடித்து எண்ணியதில் ஏழு.

இதற்கென்று தனித் தொட்டி தேவையில்லை. உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் இருந்தால் குஞ்சு உள்ளே போகாது, தண்ணீர் எடுக்கும் குழாய் முனையிலும் ஒரு துண்டு வலை கட்டிக்கொள்ளுங்கள். உணவு அவற்றுக்கும் அதே படலம்தான். மொட்டை மாடி டப்பிலிருந்து எடுக்கும் கற்களில் நன்றாகப் பழுப்பேறியதாகப் பார்த்து, ஓட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். குஞ்சுகள் முதலில் மேய வருவது அங்கேதான்.